வெல்டிங் ஓரத்துக்கும் கூலி கொடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் கடிதம் பகுதியில ராமநாதபுரம் பக்கத்து அன்பர் ஒருத்தர் புது பாம்பன் பாலத்தைப் பத்தி எழுதியிருந்தார். 1914ல ரிவெட் அடிச்சு கட்டின பழைய பாலம் நூறு வருஷம் தாண்டி ரயிலைத் தாங்குச்சு, 2025 ஏப்ரல்ல திறந்த புதுசுல ஜாயிண்ட் எல்லாம் வெல்டிங்னு சொல்றாங்களே, அது அந்த மாதிரி நிக்குமான்னு கேட்டிருந்தார். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு வாசகர் அதுக்குப் பதில் எழுதினார், இப்ப வர்ற ஸ்டீல் ரொம்ப ஒசத்தி, பழைய இரும்போட ஒப்பிடவே கூடாது, கவலைப்படாதீங்கன்னு. கேள்வி நல்ல கேள்விங்க. பதில்லதான் கோளாறு.

நான் துவாக்குடி, திருவெறும்பூர் பக்கத்து ஃபேப்ரிகேஷன் ஷாப்கள்ல வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பார்த்து ரிட்டயர் ஆனவன். பாம்பன் பாலத்துக்கு என்ன கணக்கு போட்டாங்கன்னு அதைக் கட்டினவங்களுக்குத்தான் தெரியும், அந்தப் பாலத்தைப் பத்தி நான் வாயே திறக்கப் போறதில்ல. ஆனா இந்த "ஸ்டீல் ஒசத்தி, அதனால வெல்டிங் தாங்கும்"ங்கிற பேச்சு இருக்கு பாருங்க, இது நாமக்கல் டிரெய்லர் பட்டறையில இருந்து திருச்செங்கோடு ரிக் வண்டி கட்டுற இடம் வரைக்கும் எல்லா ஊர்லயும் ஓடுற பேச்சு, இதை நம்பி காசைப் போட்டவங்க வண்டி அதே இடத்துல மறுபடி கிராக் விட்டு நடுரோட்டுல நிக்கும்போது வெல்டர் மேல பழியைப் போட்டுட்டுப் போயிடுறாங்க. அதனாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல ரிவெட் விஷயம். ரிவெட் அடிச்ச கர்டர்ங்கிறது, அதான் பாரம் தாங்குற இரும்பு உத்திரம், ஒரே துண்டு இல்ல, பிளேட்டும் ஆங்கிளும் அடுக்கடுக்கா வச்சு தைச்சது. ஒரு ஆங்கிள்ல கிராக் விட்டா அந்த ஆங்கிளோட நின்னுடும், பக்கத்து பிளேட்டுக்குள்ள தாண்டிப் போக வழி கிடையாது, அடுத்த தடவை செக் பண்றவன் கண்ணுல பட்டுடும். வெல்டிங்ல எல்லாமே ஒட்டி ஒரே உடம்பா ஆயிடுது, அதனால ஓரத்துல ஆரம்பிச்ச கிராக் ஃபிளாஞ்சுல, அதான் கர்டரோட படுக்கைப் பட்டையில, போய் அப்படியே வெப்புக்குள்ள, அதான் நடுவுல நிக்கிற தகட்டுக்குள்ள, ஏறும், தடுக்க நடுவுல ஒண்ணும் இல்ல. அதுக்காக வெல்டிங் மட்டம்னு அர்த்தம் இல்ல. எங்கே ஆரம்பிக்குதோ அந்த இடத்தைக் கவனிச்சா வெல்டிங்கும் நல்லா நிக்கும்.

ஆரம்பிக்கிற இடம் எதுன்னா, வெல்டிங் முடிஞ்சு பிளேட் தொடங்குற அந்தக் கோடு. இன்ஸ்பெக்டர்க டோன்னு சொல்வாங்க, ஷாப்ல பசங்க ஓரம்னுதான் சொல்வாங்க, நானும் அப்படியே சொல்றேன். அந்தக் கோட்டுல மூணு கெட்டது ஒண்ணா சேருது. ஒண்ணு, ஷேப். பிளேட் சமமா வந்து திடீர்னு மேல ஏறுது, ஸ்ட்ரெஸ், அதான் லோடால உள்ள வர்ற விசை, அங்க குவியும். அடுத்தது, எவ்வளவு கைதேர்ந்த வெல்டர் போட்டாலும் அந்தக் கோட்டுல கண்ணுக்குத் தெரியாத ஸ்லாக், அதான் வெல்டிங் கசடு, துணுக்கா சிக்கியிருக்கும், ஆழம்னு பார்த்தா மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, கூடிப்போனா நாலு பங்கு. மூணாவது, வெல்டிங் ஆறும்போது சுருங்குது, சுருங்க விடாம பக்கத்து பிளேட் இழுத்துப் பிடிக்குது, அதனால லோடே ஏத்தாத ஜாப்லயும் அந்த ஓரம் ஈல்டுக்குக் கிட்ட, அதாவது ஸ்டீல் நிரந்தரமா நீண்டு போற அளவுக்குக் கிட்ட, இழுபட்டுக்கிட்டேதான் இருக்கு. ஜவுளிக்கடைக்காரர் துணி கிழிக்கிறதைப் பார்த்திருப்பீங்க, ஓரத்துல கத்தரியால ஒரு சின்ன வெட்டு, அப்புறம் ரெண்டு கையாலயும் இழுத்தா சர்ருன்னு நேரா போகும். நல்ல பட்டுன்னாலும் அந்த வெட்டு விழுந்துட்டா முடிஞ்சது. வெல்டிங் ஓரத்துல அந்தக் கத்தரி வெட்டு முதல் நாளே விழுந்திருக்கு, அதுதான் பிரச்சனை.

இப்ப ஏன் ஒசத்தி ஸ்டீல் உதவாதுன்னு புரியும். வெல்டிங் பண்ணாத மழமழன்னு இருக்கிற பிளேட்ல கிராக் உருவாகுறதுக்கே பெரும்பாலான ஆயுசு போயிடும், அங்க ஸ்டீல் கிரேடு பேசும். வெல்டிங்ல கிராக்குக்கு விதை ஏற்கெனவே இருக்கு, அது வளர்ற நேரம்தான் மொத்த ஆயுசு, வளர்ற வேகம் ஈ250ங்கிற சாதா ஸ்டீல் ஆனாலும் ஈ450ங்கிற ஒசத்தி ஸ்டீல் ஆனாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நம்பர்ல சொல்லணும்னா, பிளேட் மேல குறுக்கால ஒரு சின்ன பிளேட்டை நிறுத்தி ரெண்டு பக்கமும் ஃபில்லட், அதான் மூலையை நிரப்புற வெல்டிங், போட்டா அந்த ஜாயிண்டுக்கு சர்வதேச வெல்டிங் நிறுவனம், அதான் ஐ.ஐ.டபிள்யூ., கொடுக்கிற கிளாஸ் 80. அதாவது லோடு 20 லட்சம் தடவை ஏறி இறங்கணும்னா அந்த ஸ்ட்ரெஸ் ஏற்ற இறக்கம் 80 மெகா பாஸ்கலைத் தாண்டக் கூடாது. ஸ்டீலோட ஈல்டு 250 ஆனாலும் 450 ஆனாலும் இந்த 80 மாறாது. கூட காசு கொடுத்து 450 வாங்கி, ஸ்ட்ரென்த் இருக்கேன்னு பிளேட் கனத்தைக் குறைச்சீங்கன்னா ஸ்ட்ரெஸ் ஏறி ஆயுசு முன்னைவிடக் கம்மியாத்தான் ஆகும். வெயிட் குறைச்சு கட்டின டிரெய்லர்கள்ல இந்தக் கூத்து நடக்கிறதை நானே பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, நீளவாக்குல ஒட்டுற பிராக்கெட்டுக்கு நீளம் ஏற ஏற மார்க் இறங்கும். 50 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா 80, 300ஐத் தாண்டிட்டா 50தான். கொஞ்சம் நீளமா போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்னு மேஸ்திரி போடுறார் பாருங்க, லோடு அடிக்கடி ஏறி இறங்குற இடத்துல அது நேர் எதிர்.

லோடு விஷயமும் சொல்லிடுறேன். வெல்டிங் ஜாயிண்ட்ல ஸ்ட்ரெஸ் ரெண்டு மடங்கானா ஆயுசு பாதி ஆகாது, எட்டுல ஒண்ணு ஆகும். மூணு தடவை பெருக்குற கணக்கு இது. 2018ல மத்திய அரசு நாலு டயர் போட்ட சிங்கிள் ஆக்ஸிலுக்கு அனுமதிச்ச பாரத்தை 10.2 டன்ல இருந்து 11.5 டன்னு ஏத்துச்சு. பார்க்க சின்ன ஏத்தம், பதிமூணு பர்சென்ட்கூட இல்ல. ஆனா அந்தப் புது லிமிட் வரைக்கும் ஏத்தி ஓட்டுனா, ஸ்ட்ரெஸும் அதே அளவு ஏறுதுன்னு வச்சா, பழைய வண்டியோட வெல்டிங் ஆயுசு சுமார் எழுபது பர்சென்டா சுருங்கிடும். அதுக்கு மேல மணல், ஜல்லின்னு ஓவர்லோடு ஏத்துறவங்க கணக்கை அவங்களே போட்டுக்கட்டும்.

ஒரு சின்ன ஃபில்லட் என்ன பண்ணும்னு நினைக்கிறவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். 1980 மார்ச் 27, வட கடல்ல நார்வே பக்கம் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல். அலெக்சாண்டர் கீலண்ட்னு ஒரு மிதக்கும் பிளாட்ஃபார்ம், வேலையாளுங்க தங்குறதுக்கு வச்சிருந்தாங்க, அன்னைக்கு அதுல 212 பேர். அஞ்சு காலுல நிக்கிற அமைப்பு, கால்களை இணைக்கிற பெரிய குழாய்ல ஒண்ணு உடைஞ்சு, பக்கத்துல இருந்ததும் தாங்காம, ஒரு காலே கழண்டு போய் மொத்த பிளாட்ஃபார்மும் கவுந்துச்சு. 123 பேர் செத்துப் போனாங்க. உடைஞ்ச இடத்தை எடுத்துப் பார்த்தா, அந்தக் குழாய்ல ஹைட்ரோஃபோன்னு தண்ணிக்குள்ள சத்தம் கேட்கிற ஒரு கருவியை மாட்ட ஒரு சின்னக் குழல் வச்சு 6 மில்லிமீட்டர் ஃபில்லட் போட்டிருந்தாங்க, கிராக் அங்கதான் தொடங்கியிருக்கு. பாரம் தாங்குற ஜாயிண்ட்கூட இல்ல அது, சும்மா ஒரு சாமான் மாட்டுற பிராக்கெட். அந்தக் கிராக் முகத்துல பெயிண்ட் இருந்துச்சு, அப்படின்னா யார்டுல பெயிண்ட் அடிக்கும்போதே அங்க கிராக் இருந்திருக்கு. யாரும் பார்க்கல, ஏன்னா யாருக்கும் அது முக்கியமான வெல்டிங்கா படல. டூல் பாக்ஸ் மாட்ட, ஏர் டேங்க் மாட்ட, மட்கார்டு மாட்டன்னு சேஸிஸ் ஃபிளாஞ்சு மேல நம்ம ஆளுங்க போடுற குட்டி பிராக்கெட்டுகளைப் பார்க்கிறப்ப எனக்கு இந்த விஷயம்தான் ஞாபகம் வரும். வண்டி கம்பெனி புஸ்தகத்துலயே ஃபிளாஞ்சுல வெல்டிங் பண்ணாதே, ஓட்டை போடாதேன்னு எழுதியிருக்கும், படிக்கிற ஆள்தான் இல்ல.

சரி, தீர்வுக்கு வர்றேன். ரொம்பப் பழைய தீர்வு இது, கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. ஓரத்தைச் சீர் பண்ணணும், அவ்வளவுதான். ரெண்டு வழி இருக்கு, ஓரத்தைச் சுரண்டி அந்த விதையை எடுக்கிறது ஒண்ணு, அந்த ஓரத்தை அடிச்சு அமுக்கி இழுபட்டதை அழுத்தத்துக்கு மாத்துறது இன்னொண்ணு.

சுரண்டுறதுக்கு பென்சில் கிரைண்டர் போதும், முனையில கார்பைடு பர், அதான் பல்லு வச்ச சின்ன சுரண்டுற முனை. ஏஜி4 டிஸ்க் கிரைண்டர் எடுத்துக்கிட்டு ஓரத்தோட நீளத்துக்கே டிஸ்க்கை இழுக்கிறாங்க பாருங்க, அது வேற, அதுல விழுற கீறல் எல்லாம் ஓரத்தோட நீளத்துக்கே ஓடும், இழுவிசை அதுக்குக் குறுக்கால வரும், புதுசா கிராக் தொடங்க அதுவே இடம் பண்ணிக் கொடுக்கும். பர் வச்சு பண்ணும்போது அண்டர்கட்டோட, அதான் ஓரத்துல பிளேட் உருகி விழுந்த பள்ளத்தோட, அடிமட்டத்துக்குக் கீழ அரை மில்லிமீட்டராவது போகணும், அப்பதான் அந்த ஸ்லாக் துணுக்கு எல்லாம் வெளியே வரும். ரொம்பவும் போகக் கூடாது, 2 மில்லிமீட்டர் இல்ல பிளேட் கனத்துல ஏழு பர்சென்ட், எது கம்மியோ அதுக்குள்ள. சும்மா பளபளன்னு மேல தேய்ச்சு விட்டா பார்க்க அழகா இருக்கும், பிரயோஜனம் கிடையாது. சரியா பண்ணா தாங்குற ஸ்ட்ரெஸ் 1.3 மடங்குன்னு ஐ.ஐ.டபிள்யூ. ஒத்துக்குது, அந்த மூணு தடவை பெருக்குற கணக்குல ஆயுசு ரெண்டு மடங்குக்கு மேல.

அடிக்கிறதுக்கு ஸ்லாக் தட்ட வச்சிருக்கிற அதே நியூமேடிக் சிப்பிங் ஹேமர்தான், கூர் உளியைக் கழட்டிட்டு முனை அரைக்கோளமா உருண்டையா இருக்கிற ராடை மாட்டணும். ஓரக் கோட்டு மேலயே வச்சு, பாதி வெல்டிங் மேல பாதி பிளேட் மேல படுற மாதிரி மெதுவா நகர்த்திக்கிட்டுப் போகணும், அதே கோட்டுல நாலு பாஸ். முதல் பாஸ் முடிஞ்சதும் டார்ச் அடிச்சு சாய்வாப் பாருங்க, பளிச்சுன்னு ஒரு வாய்க்கால் விழுந்திருக்கும், ஆனா அதுக்குள்ள மெல்லிசா முடி மாதிரி பழைய ஓரக் கோடு இன்னும் தெரியும், அடிச்ச தடம் ஒவ்வொண்ணும் தனித்தனிக் குழியா தெரியும். லென்ஸ் வச்சுப் பார்த்தாலும் அந்தக் கோடு தெரியாத வரைக்கும் அடிக்கணும், குழி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து ஒரே வழுவழுப்பான வாய்க்காலா ஆகணும், ஆழம் அரை மில்லிமீட்டர் அளவு. கோடு மிச்சம் இருந்தா வேலை முடியலன்னு அர்த்தம், இன்ஸ்பெக்டர் பாஸ் போடக் கூடாது. இதுல சாதா ஸ்டீலுக்கு 1.3 மடங்கு, ஈல்டு 355க்கு மேல இருந்தா 1.5 மடங்கு கிடைக்கும். கவனிச்சீங்களா, இப்பதான் ஒசத்தி ஸ்டீலுக்குக் கொடுத்த காசு வேலை செய்ய ஆரம்பிக்குது. விதையை அமுக்கின பிறகுதான் ஸ்டீலோட பலம் கணக்குல வருது, ஏன்னா ஸ்டீல் எவ்வளவு பலமோ அவ்வளவு அழுத்தத்தை அது உள்ள பிடிச்சு வச்சுக்கும்.

இதையே இன்னும் வேகமா, இன்னும் சீரா பண்ற மெஷின் வந்து ரொம்ப நாளாச்சு. சோவியத் காலத்துல 1970கள்ல நீர்மூழ்கிக் கப்பல் கட்டுற செவரோத்வின்ஸ்க் ஊர்ல கிளம்பினது, கீவ்ல இருக்கிற பேட்டன் வெல்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் அதுல பங்கு உண்டு. அல்ட்ராசவுண்ட்ல ஓட்டுறது இருக்கு, காத்துல ஓட்டுறது இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்து இப்ப ஹெச்.எஃப்.எம்.ஐ.ன்னு ஒரே பேர் வச்சிருக்காங்க. சின்ன கெட்டி ஊசி ஒண்ணு செகண்டுக்கு 90 தடவைக்கு மேல குத்தும், கையில அதிர்வு பழைய ஹேமரைவிட ரொம்பக் கம்மி. இதுக்குன்னு தனியா ஐ.ஐ.டபிள்யூ. வழிகாட்டிப் புத்தகமே 2016ல வந்துடுச்சு. அதுல சாதா ஸ்டீலுக்கே நாலு கிளாஸ் ஏத்திக்கலாம்னு கொடுத்திருக்காங்க, மேல சொன்ன 80 ஜாயிண்ட் 125க்குப் போகும், ஈல்டு ஏற ஏற ஒவ்வொரு 200 மெகா பாஸ்கலுக்கும் இன்னொரு கிளாஸ்.

இது லேப்ல மட்டும் நடந்த விஷயம்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் பிரிட்ஜ்போர்ட்ல எல்லோ மில் பாண்ட் பாலம், 1958ல திறந்த ஐ95 ஹைவே பாலம். கர்டர் அடி ஃபிளாஞ்சுக்குப் பலம் வேணும்னு மேல ஒரு கவர் பிளேட் வச்சு வெல்டிங் பண்ணியிருந்தாங்க, 1970ல பார்த்தா அந்தக் கவர் பிளேட் முடியிற இடத்துல கிராக் கிளம்பி ஃபிளாஞ்சை வெட்டிக்கிட்டு வெப்புல ஏறியிருக்கு. திறந்து பன்னிரண்டு வருஷம்தான். லீஹை யூனிவர்சிட்டியில ஜான் ஃபிஷர் டீம் இதை ஆராய்ச்சி பண்ணாங்க, 1976ல மத்த கர்டர்கள்ல அதே மாதிரி இடங்களைப் பாலத்தை இடிக்காம அங்கயே அடிச்சும், சில இடத்துல டிக் வெல்டிங் டார்ச்சால ஓரத்தை மறுபடி உருக்கியும் சரி பண்ணாங்க. கிராக் இன்னும் ஆழமாகாம 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கிறப்ப பீனிங், அதான் இந்த அடிக்கிற வேலை, அதைப் பிடிச்சு நிறுத்தும்னு அந்த வேலையில இருந்துதான் தெரிய வந்துச்சு. அதைத் தாண்டிட்டா வேற வைத்தியம்தான்.

கவர் பிளேட்னு சொன்னதும் நம்ம ஊர் பட்டி பிளேட் ஞாபகம் வந்திருக்கும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் சேஸிஸ் கிராக்னா என்ன பண்றாங்க? கிராக்கை வெட்டி வெல்டிங் வைக்கிறாங்க, சரி. அதுக்கு மேல ஒரு செவ்வகப் பட்டியை வச்சு சுத்தி நாலு பக்கமும் வெல்டிங் அடிச்சுடுறாங்க, ரெண்டு முனையிலயும் ஃபிளாஞ்சுக்குக் குறுக்கால ஒரு வெல்டிங் கோடு விழுது. கனெக்டிகட்ல எது விட்டுச்சோ அதே டிசைன்தான். ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு பட்டி நல்லா இருக்கும், பட்டி முடியிற இடத்துல சேஸிஸ் விட்டிருக்கும், ஓனர் வந்து "என்ன அண்ணே, 7018 ராடுதானே போடச் சொன்னேன், 6013 போட்டுட்டியா"ன்னு சண்டைக்கு நிப்பார். ராடு எதுவா இருந்தாலும் அங்கதான் விடும். பட்டி போட்டே ஆகணும்னா முனையை நேரா வெட்டாம சாய்வா மீன் வால் மாதிரியோ டைமண்ட் மாதிரியோ வெட்டுங்க, ஃபிளாஞ்சுக்குக் குறுக்கால வெல்டிங் வராம பார்த்துக்கோங்க, வர்ற ஓரத்தை பர் வச்சு எடுத்துட்டு அடிங்க. கம்ப்ரஸர் எல்லா பட்டறையிலயும் இருக்கு, ஹேமரும் இருக்கு, அந்த உருண்டை முனையை லேத்துல கடைஞ்சு ஹார்டன் பண்ணி வாங்கிக்கலாம்.

அப்ப ஏன் யாரும் பண்ண மாட்டேங்கிறாங்க? இங்கதான் என் ஆதங்கம். நம்ம ஊர்ல ஸ்ட்ரக்சர் ஃபேப்ரிகேஷன்னா டன் ரேட்டு. எத்தனை டன் கட்டினியோ அத்தனைக்குக் காசு. ஓரத்தை அரைச்சா ஜாப் வெயிட் ஏறப் போறதில்ல, சொல்லப் போனா நாலு கிராம் குறையும். அடிச்சா சுத்தமா ஒண்ணும் மாறாது. காண்ட்ராக்டர் கூலி கொடுத்து ஆளை நிறுத்தி இதைப் பண்ணா அவர் பில்லுல போட ஒரு லைன் கிடையாது. டிராயிங்ல "வெல்டிங் ஓரம் இந்த இடத்துல ட்ரீட் பண்ணணும்"னு ஒரு சிம்பல் இருந்தா, டெண்டர்ல மீட்டருக்கு இவ்வளவுன்னு ஒரு ஐட்டம் இருந்தா நாளைக்கே பண்ணுவாங்க, நம்ம பசங்களுக்குக் கை வராத வேலை இல்ல இது. ஸ்டீல் கட்டுமானத்துக்கான நம்ம இந்தியத் தரக் கோடு ஐ.எஸ். 800ல ஃபடீக்குக்குன்னு, அதான் லோடு திரும்பத் திரும்ப ஏறி இறங்கி கிராக் விடுறதுக்குன்னு, தனிப் பிரிவே இருக்கு, கிரேன் கர்டர் டிசைன் பண்றவங்க எல்லாம் அதைப் படிச்சவங்கதான். அந்தப் படிப்பு டிராயிங் வழியா ஷாப் ஃப்ளோர் வரைக்கும் இறங்கி வரணும். திருச்சியிலயே பி.ஹெச்.இ.எல். வளாகத்துல வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கு, நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பாடி பில்டிங் சங்கங்கள் அவங்களைக் கேட்டு ரெண்டு நாள் கிளாஸ் போட்டா வராமலா போயிடுவாங்க? ஐ.டி.ஐ. வெல்டர் டிரேடு பசங்களுக்கும் பீடு அழகா போடக் கத்துக் கொடுக்கிறதோட, ஓரத்துல என்ன நடக்குதுங்கிறதையும் ஒரு பீரியடு எடுத்துச் சொல்லலாம்.

ஒரு விஷயம் மட்டும் பயந்துதான் எழுதுறேன், ஏன்னா அரைகுறையாப் படிச்சுட்டு நாளைக்கே யாராவது ஹேமரைத் தூக்கிடுவாங்க. ஏற்கெனவே கிராக் விட்ட இடத்துல டெஸ்ட் பண்ணாம அடிக்கவே கூடாது. அடிச்சா கிராக் வாய் மூடிக்கும், மேல பார்த்தா வழுவழுன்னு இருக்கும், உள்ள அப்படியே இருக்கும், அப்புறம் டி.பி. டெஸ்ட், அதான் சாயம் தடவி கிராக்கைப் பார்க்கிறது, போட்டாலும் காட்டாது. முதல்ல பெயிண்டை எடுத்து டி.பி.யோ மேக்னடிக் டெஸ்டோ போட்டு ஓரம் சுத்தமா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் கை வைக்கணும். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே இதெல்லாம் முடியணும்னு சொல்லத் தேவையில்ல.

ஓரத்தை எவ்வளவுதான் பலப்படுத்தினாலும் ஃபில்லட்டோட உள்பக்கம், அதான் ரூட்டு, அப்படியேதான் இருக்கும். சின்ன ஃபில்லட் போட்டு பாரத்தை அது வழியாவே கடத்துற ஜாயிண்ட்னா, ஓரம் தாங்கிட்டா கிராக் ரூட்டுல கிளம்பி வெல்டிங்கை நடுவுல பிளந்துக்கிட்டு வெளியே வரும், வெளியே வர்ற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த மாதிரி இடத்துல முதல்ல பெனிட்ரேஷனை, அதான் வெல்டிங் உள்ள இறங்குற ஆழத்தை, சரி பண்ணுங்க, அப்புறம் ஓரம்.

வரிசையும் முக்கியம். ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ண ஃபர்னஸுக்குப் போற ஜாப்னா போயிட்டு வந்த பிறகு அடிக்கணும், முன்னாடி அடிச்சா நீங்க கஷ்டப்பட்டு உள்ள வச்ச அழுத்தம் அத்தனையும் சூட்டுல கரைஞ்சு போயிடும். அடிச்ச இடத்துக்கு மேல மறுபடி ஒரு டேக், அதான் சின்னப் புள்ளி வெல்டிங், வச்சாலும் அதே கதைதான். பாலம் மாதிரி சொந்த வெயிட்டே பெருசா இருக்கிற அமைப்புல ஏத்தி உட்கார வச்சு கான்கிரீட் பாரம் எல்லாம் வந்த பிறகு அடிக்கிறது ரொம்ப நல்லது. எப்பவுமே ஒரு பெரிய இழுவிசையில நிக்கிற ஜாயிண்டுக்கு இதோட பலன் குறையும், ஐ.ஐ.டபிள்யூ. புத்தகத்துலயும் அதுக்குத் தக்கபடி மார்க்கைக் குறைச்சுதான் கொடுத்திருக்காங்க. ஈல்டுக்குக் கிட்ட லோடு போற வண்டி, அதாவது பெருசா ஓவர்லோடு ஏத்தி குழியில டொம்முன்னு இறக்கிற வண்டி, அதுல ஒரே ஒரு பெரிய அடி போதும், உள்ள வச்ச அழுத்தம் கணிசமாக் குறைஞ்சிடும். அதனால ட்ரீட்மென்ட் பண்ணியாச்சு இனி இஷ்டத்துக்கு ஏத்தலாம்னு ஓனர்க நினைச்சா நான் பொறுப்பில்ல.

லாரிக்காரங்களுக்கு இது புதுசாவும் இருக்கக் கூடாது. அவங்க வண்டியில இருக்கிற ஸ்ப்ரிங் பட்டை எல்லாம் கம்பெனியில ஷாட் பீனிங் பண்ணித்தான் வருது, சின்னச் சின்ன இரும்புக் குண்டை வேகமா அடிச்சு மேல்தோலை அமுக்குறது. ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த ஆல்மென்கிறவர் ஒரு மெல்லிசான பட்டையை வச்சு அது எவ்வளவு வளையுதுன்னு பார்த்தே அடியோட பலத்தை அளக்குற வழியைக் கொண்டு வந்தார், இன்னைக்கும் உலகம் பூரா அந்த ஆல்மென் ஸ்ட்ரிப்தான். ஸ்ப்ரிங்குக்கு ஒத்துக்கிட்ட தத்துவத்தை அது மேல உட்கார்ந்திருக்கிற சேஸிஸ் வெல்டிங்குக்கு மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறோம்னுதான் கேட்கிறேன். குண்டு அடிக்கிறதை வெல்டிங்குக்கும் பண்ணலாம், ஆனா மூலையில இருக்கிற ஓரத்துக்குள்ள சரியா விழாது, அமுக்குற ஆழமும் ஹேமர் அளவுக்கு வராது, பட்டறைக்கு ஹேமர்தான் தோது.

கடைசியா வேலை செய்யப் போற பசங்களுக்கு. பழைய சிப்பிங் ஹேமர் போடுற சத்தம் சாதாரண சத்தம் இல்ல, பஞ்சு வச்சா போதாது, இயர் மஃப் கட்டாயம் போடணும், பக்கத்துல வேலை செய்றவனுக்கும் வாங்கிக் கொடுங்க. கையில அதிர்வு தாங்குற கிளவுஸ் போடுங்க, ஒரே ஆளை நாள் பூரா அதுலயே நிறுத்தாம மாத்தி மாத்தி விடுங்க, விரல் வெளுத்து மரத்துப் போற வியாதி மெதுவாத்தான் வரும், வந்தா போகாது. பர் கிரைண்டர்னா கண்ணாடி மட்டும் பத்தாது, ஃபேஸ் ஷீல்டு போட்டுக்கோங்க, அதுல தெறிக்கிற சிலும்பு ஊசி மாதிரி இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வெல்டிங் இன்ஸ்பெக்டர்,
துவாக்குடி, திருச்சி.